ஓதம் அடிக்கும் தரையில் கம்பளமா, ஜமக்காளமா? நீடாமங்கலம் பக்கத்து ஹால் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போனில் அவர் சொன்ன குறைகள் இரண்டு. ஐப்பசி பிறந்ததிலிருந்து ஹாலில் ஒரு மக்கல் வாடை. சாம்பிராணி போட்டும் போகவில்லை. இன்னொன்று, எண்பதைத் தாண்டிய அவருடைய அம்மா ராத்திரி எழுந்து வரும்போது கம்பளத்தில் கால் தட்டி விழப் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். "இதைத் தூக்கிக் கடாசிட்டு நல்லதா ஒரு கார்ப்பெட் வாங்கிடலாம்னு பாக்குறோம். எது வாங்கலாம்னு நீங்க வந்து பாத்துச் சொல்லணும்மா" என்றார்.

வீடுகளின் உள்ளமைப்பு வேலைக்காகத் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கமெல்லாம் போகிறவள் நான். பெரும்பாலும் எல்லோரும் இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். எந்தக் கம்பளம், என்ன நிறம், எந்த சோபா என்று. இந்த வீட்டில் அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் தரை, நடைவழி, உட்காரும் இடம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். இதே மாதிரி வீடு டெல்டாவில் தெருவுக்கு நாலு இருக்கும்.

அறை எப்படி இருந்தது

வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குக் கிழக்கே, கோரையாற்றுப் பாசனத்தில் இருக்கிற ஊர். வீடு கிழக்குப் பார்த்தது. கொல்லைக்குப் பின்னால் ஒரு பாசன வாய்க்கால்.

ஹால் கிழக்கு மேற்காக 21 அடி நீளம், தெற்கு வடக்காக 13 அடி அகலம். இது முதலிலிருந்தே ஹாலாகக் கட்டியது கிடையாது. முன்பக்கம் 12 அடி பழைய கூடம். ரெட் ஆக்சைடு போட்டு இழைத்த சிவப்புத் தரை. பின்பக்கம் 9 அடி பழைய முற்றம். மகள் கல்யாணத்தின்போது முற்றத்தை மண் கொட்டித் தூர்த்து, மேலே தளம் போட்டு, கீழே இரண்டடிச் சதுர டைல்ஸ் பதித்து கூடத்தோடு சேர்த்துவிட்டார்கள். சிவப்புத் தரையும் டைல்ஸும் சேருமிடத்தில் அரை அங்குலம் ஏற்றத்தாழ்வு.

கதவுகள் மூன்று. வாசல் கதவு கிழக்குச் சுவரில் வடகோடியில். அதற்கு நேரே மேற்குச் சுவரில் பின்கட்டுக்குப் போகும் கதவு. தெற்குச் சுவரில், ஏறக்குறைய நடுவில், பாட்டியம்மா படுக்கிற அறையின் கதவு. ஃபேன் இரண்டு: ஒன்று கூடத்துக்கு நடுவே, இன்னொன்று பழைய முற்றத்துக்கு நடுவே.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் போன வருஷம் விடுமுறைக்கு வந்தபோது எல் வடிவ சோபா ஒன்றும், 10 அடிக்கு 8 அடியில் மொசுமொசுவென்று முடி நீண்ட பாலியெஸ்டர் கம்பளம் ஒன்றும் வாங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அப்பா அம்மா நாற்காலி விளிம்பிலேயே உட்கார்ந்து காலம் தள்ளிவிட்டார்களே என்ற ஆதங்கத்தில் செய்தது. அந்த அன்பு வீட்டுக்கே தெரியும். அதனால்தான் வாடை அடித்தும் கம்பளத்தைச் சுருட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

சோபாவின் நீண்ட கை தெற்குச் சுவரோரம். குட்டைக் கை கிழக்கு ஜன்னலோரம். எதிரே வடக்குச் சுவரில் டிவி மேசை. நடுவே கம்பளம்.

டேப்பை எடுத்துக் குறுக்கே அளந்தேன். சோபா 3 அடி, கம்பளம் 8 அடி, டிவி மேசை ஒன்றரை அடி. கூட்டினால் பன்னிரண்டரை. அறையின் அகலமோ 13. அதாவது வாசலிலிருந்து அடுப்படிக்குப் போகிற எவரும் கம்பளத்தை மிதிக்காமல் போக வழியே இல்லை. வயலிலிருந்து வருகிற கால், குளித்துவிட்டு வருகிற கால், மழையில் நனைந்து வருகிற கால் எல்லாமே அதன் மேல்தான். டிவி பார்ப்பவருக்கும் டிவிக்கும் நடுவிலும் இதே ஊர்வலம்தான்.

நீளவாக்கில் அளந்தால் இன்னொன்று தெரிந்தது. கிழக்கே 3 அடி விட்டுத் தொடங்கும் 10 அடிக் கம்பளம் 13-ஆவது அடியில் முடிகிறது. சிவப்புத் தரையும் டைல்ஸும் சேர்கிற அந்த அரை அங்குலப் படி 12-ஆவது அடியில் இருக்கிறது. படியைக் கம்பளம் மூடிவிட்டது. பாட்டியம்மாவின் அறை வாசலும் அதே இடத்தில்தான். முப்பது வருஷமாகப் பழகின வீடு. அங்கே படி இருக்கிறது என்று கால் அறிந்து வைத்திருந்தது. ஒன்றரை அங்குல முடிக்கு அடியில் அது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்கும் தெரியவில்லை, காலுக்கும் தெரியவில்லை. அவர் தடுக்கியது கம்பளத்தின் ஓரத்தில் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

தரை என்ன செய்கிறது

கம்பளத்தைச் சுருட்டினோம். அடிப்பக்கம் ரப்பர் பூச்சு. மேற்கு ஓரத்தில் கரும்புள்ளியாகப் பூசணம் பூத்திருந்தது. சிவப்புத் தரையில் அந்த ரப்பரின் கட்டம் கட்டமான தடம், ஈரத்துணியால் துடைத்தும் போகாமல் பதிந்துவிட்டது.

பாலியெஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சாது. 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் வைத்தால் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதமும், கம்பளி சுமார் 15 சதவீதமும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதனால் "சிந்தெடிக் தானே, ஈரத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று கடையில் சொல்வார்கள். இழைக்கு ஒன்றும் ஆகாதுதான். இழைகளுக்கு நடுவே சேர்கிற தூசியும் மண்ணும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் பூச்சு கீழிருந்து வரும் ஓதத்தை மேலே விடாமல் அடைத்துவிடும். பூசணத்துக்கு வேண்டியது அவ்வளவும் அங்கே கிடைத்துவிடும்.

ஈரம் தரையிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து படிகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கனமான பாலிதீன் தாளை வெட்டி, தரையில் பரப்பி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிட வேண்டும். 16 மணி நேரமாவது அப்படியே விட வேண்டும். பிறகு தாளின் அடிப்பக்கம் நீர் முத்து கோத்திருந்தாலோ, மூடியிருந்த தரை நிறம் கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து ஏறுகிறது. தாளின் மேல்பக்கம் மட்டும் பிசுபிசுத்தால் அது காற்றின் ஈரம். ஜன்னலும் ஃபேனும் பார்த்துக்கொள்ளும்.

மூன்று இடத்தில் ஒட்டினோம். கூடத்துச் சிவப்புத் தரையில் ஒட்டிய இரண்டு தாளும் மறுநாள் உலர்ந்தே இருந்தன. பழைய முற்றத்தில், டைல்ஸ் இணைப்புகள் நாலு சேரும் இடத்தில் ஒட்டியதைப் பிரித்தபோது, இணைப்புக் கோடுகளை ஒட்டிச் சிலுவை மாதிரி நீர்த்துளிகள் வரிசையாகக் கோத்திருந்தன. டைல்ஸ் வழியாக ஈரம் வரவில்லை. இணைப்பில் இருக்கும் வெள்ளைச் சிமென்ட் வழியாகத்தான் ஏறுகிறது.

காரணத்தைப் பாட்டியம்மாதான் சொன்னார். "முத்தத்துத் தண்ணி போற ஜலதாரை கொல்லைப் பக்கமால்ல போச்சு. அத யாரு அடைச்சா? மேல மூடுனாப்ல உள்ள இருக்கறது இல்லாமப் போயிடுமா?" போய்ப் பார்த்தோம். வெளிவாய் கொல்லையில் செடிகொடிக்குள் இருந்தது. மண்ணடைத்திருந்தது. வாய்க்கால் நிறைந்து ஓடும் நாட்களில் தண்ணீர் அந்தப் பழைய தடத்தின் வழியாகவே உள்வாங்கி, தூர்த்த மண்ணை ஊறவைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்தப் பக்கம் மேட்டூர்த் தண்ணீர் வந்து வயல் நனைந்துவிட்டாலே நிலத்தடி ஈரம் மேலே ஏறும். அதோடு ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கம்பளம் வாங்குகிற விஷயத்துக்கு ஜலதாரை எதற்கு என்று தோன்றலாம். அந்த நீர்த்துளிச் சிலுவையைப் பார்த்த பிறகுதான், பின்பாதியில் நிரந்தரமாக எதையும் விரிப்பதில்லை என்ற முடிவு எடுக்க முடிந்தது. அது கம்பளியாகட்டும், பருத்தியாகட்டும், எவ்வளவு விலை கொடுத்ததாகட்டும்.

முதலில் நடைவழி

காகிதத்தில் படம் போட்டபோது முதலில் வரைந்தது ஆட்கள் நடக்கும் கோட்டை. வாசல் கதவிலிருந்து பின்கட்டு வரை வடக்குச் சுவரையொட்டி மூன்றரை அடி. பாட்டியம்மா அறையிலிருந்து அந்த வழி வரை குறுக்கே 3 அடி. பொதுவாக 3 அடி போதும். கைபிடித்து அழைத்துப் போக ஆள் வேண்டிய வயதில் மூன்றரை இருந்தால் நல்லது. இந்த இரண்டு வழியிலும் விரிப்பு வராது, மேசை வராது, மின் கம்பி வராது.

இப்படி விட்டதும் அறை தானாகவே இரண்டாகப் பிரிந்தது. முன்பக்கம் பத்தரை அடிக்கு ஒன்பதரை அடி. பின்பக்கம் ஏழரை அடிக்கு ஒன்பதரை அடி. இரண்டுக்கும் மேலே ஆளுக்கொரு ஃபேன். நல்ல வேளையாக ஃபேன் கொக்கி சரியான இடத்தில் இருந்தது. இல்லாவிட்டால் நம் ஊரில் எவ்வளவு அழகாக சோபா போட்டாலும், சித்திரை மாசத்தில் ஆட்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில்தான் போய் உட்காருவார்கள்.

குறுக்கு வழியில் இருந்த அரை அங்குலப் படியைக் கொத்தனாரை வைத்து ஒரு சாண் அகலத்துக்குச் சரிவாக இழைத்து, அதன் இரு ஓரமும் தெரியும்படி வெளிர் நிறப் பட்டை விட்டோம். இந்த வேலையில் மிகச் சின்னச் செலவு இதுதான். வேறு எதையும் செய்யாமல் இதை மட்டும் செய்திருந்தாலும் நான் திருப்தியோடு வந்திருப்பேன்.

முதுகு காட்டும் சோபா

மகன் வீடியோ காலில் வந்தார். படித்தவர், யோசித்து வைத்திருந்தார். "அக்கா, சோபாவைச் சுவத்த விட்டு நகத்தி, நடைவழிக்கு முதுகு காட்டிப் போட்டா, டிவிய தெற்குச் சுவத்துக்கு மாத்திடலாம்ல? நடக்கிறவங்க பின்னாடி போயிடுவாங்க." கணக்குப்படி அது சரி. நடைவழி மூன்றரை, சோபா மூன்று, டிவி மேசை ஒன்றரை போக ஐந்தடி மிச்சம். அறை அலங்காரம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்: சோபாவைச் சுவரில் ஒட்டாதே, நடுவே இழுத்துப் போடு.

தலைமையாசிரியரின் மனைவி அதுவரை பேசவில்லை. காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "வாசல்ல நிக்கிறவங்க முதுகப் பாத்துக்கிட்டா உள்ள வருவாங்க? வாங்கன்னு முகத்தப் பாத்துச் சொல்ல வேணாமா?"

அதோடு அந்த யோசனையைக் கைவிட்டேன். அவர் சொன்னது வெறும் பழக்கம் என்று ஒதுக்கக்கூடியது இல்லை. இந்த வீட்டில் அழைப்பு மணி அடித்துவிட்டு வருகிறவர்கள் குறைவு. வாசல் பகல் முழுக்கத் திறந்திருக்கும். பத்திரிகை வைக்க வருகிறவர், நெல் விவரம் சொல்ல வருகிறவர், பழைய மாணவர் என்று வந்தபடி இருப்பார்கள். உட்கார்ந்திருப்பவருக்கு வாசல் தெரிய வேண்டும். வருகிறவருக்கு முகம் தெரிய வேண்டும். இதை வைத்துத்தான் சோபாவின் திசையை முடிவு செய்ய முடியும்.

எல் சோபாவைக் கழற்ற முடிந்தது. மூன்று பேர் உட்காரும் 7 அடித் துண்டைத் தெற்குச் சுவரோரமே வைத்தோம், வடக்குப் பார்த்து. சுவரில் ஒட்டாமல் நாலு விரற்கடை இடைவெளி. பழைய செங்கல் சுவர், மழைக்காலத்தில் அதுவும் ஈரம் கக்கும், துணி சோபாவின் முதுகுக்குக் காற்று வேண்டும். மூலைத் துண்டு மாடி அறைக்குப் போனது. அதற்குப் பதிலாகக் கிழக்கு ஜன்னலோரம் மேற்குப் பார்த்து இரண்டு பிரம்பு நாற்காலிகள். சோபாவில் இருப்பவருக்கும் நாற்காலியில் இருப்பவருக்கும் வாசல் பக்கவாட்டில் தெரியும். ஒருவருக்கொருவர் முகமும் தெரியும். குரலை உயர்த்தாமல் பேச ஆட்களுக்கு நடுவே 8 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கே 6 அடிதான்.

நாற்காலிகள் தைக்காலில் வாங்கியவை. சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் கொள்ளிடத்துக்கு முன்னால், சாலையோரம் வரிசையாகப் பிரம்புக் கடைகளும் பாய்க் கடைகளும் இருக்கிற ஊர். பிரம்பு வாங்கும்போது இரண்டைப் பார்க்க வேண்டும். இருக்கைக்கு அடியில் கையால் தடவினால் மாவு மாதிரி தூள் ஒட்டக் கூடாது. ஒட்டினால் உளுத்துப்போகத் தொடங்கிவிட்டது. கால் நுனியில் ரப்பர் புஷ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரத் துடைப்பம் படப்பட அடி பிளக்கும். சிவப்புத் தரையில் கறுப்பு ரப்பர் தடம் விடும் என்பதால் நாங்கள் அந்தப் புஷ்களின் அடியில் கெட்டித் துணி வட்டம் ஒட்டிக்கொண்டோம்.

நடுவில் இருந்த கண்ணாடி டீப்பாயை எடுத்துவிட்டோம். டீப்பாய் வேண்டுமென்றால் சோபாவுக்கும் அதற்கும் நடுவே ஒன்றேகால் முதல் ஒன்றரை அடி விட வேண்டும். முட்டி இடிக்காது, டம்ளரும் எட்டும். இந்த வீட்டுக்கு அது ஒத்துவரவில்லை. வருஷத்துக்கு நாலைந்து முறை இங்கே பந்தி நடக்கும். தலைமையாசிரியரின் அப்பா திதி, பொங்கல், ஊர்த் திருவிழா. ஓர் இலைக்கு இரண்டடி என்று வைத்தாலும் 21 அடியில் ஒரு வரிசைக்குப் பத்துப் பேர் உட்காரலாம். அந்த நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து சிரமமில்லாமல் அறையைக் காலி செய்ய முடிய வேண்டும். கண்ணாடி டீப்பாயைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. இரண்டு தேக்கு முக்காலிகள் மாடியில் சும்மா கிடந்தன. இறக்கி, தேய்த்து எண்ணெய் பூசி, சோபாவின் இரு பக்கமும் வைத்தாயிற்று.

எதை விரிப்பது

இப்போதுதான் அவருடைய முதல் கேள்விக்கு வந்தோம்.

கம்பளிக் கம்பளத்தை முதலிலேயே தள்ளினேன். மிதிக்க அதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் எட்டு மாதம் வெயிலும் நாலு மாதம் ஈரமும் உள்ள ஊரில் அந்துப்பூச்சிக்கும் ஈரத்துக்கும் காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். சணல் விரிப்பு பார்க்க அழகு. தண்ணீர் கொட்டினால் பழுப்பு வட்டம் விழும், ஊறினால் வலுவும் போகும். இங்கே வேண்டாம். இயந்திரத்தில் நெய்த பாலிப்ரொப்பிலீன் விரிப்பு ஈரத்துக்கு அஞ்சாது, துவைக்கலாம். வாடகை வீட்டுக்கு, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் அதைச் சொல்வதுண்டு. இவர்களோ வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறவர்கள். சித்திரையில் அது உடம்பில் பட்டால் புழுங்கும்.

மிஞ்சியது பருத்தி. அதாவது ஜமக்காளம்.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1985-ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. விசைத்தறியில் நெய்யக் கூடாது. ஆனாலும் கடைகளில் அந்தப் பெயரில் வேறு சரக்கும் கலந்து கிடக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கைத்தறி ஜமக்காளத்தில் குறுக்கே ஓடும் ஊடு நூல் தடிமனாக, நீளவாக்கில் ஓடும் பாவு நூலை முழுக்க மூடி, நெருங்கி உட்கார்ந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டை தெரியக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பாதி ஆயுசு அதிலேயே கூடிவிடும்.

அளவு பார்க்க நான் வழக்கமாக வேட்டியைத்தான் பயன்படுத்துவேன். வெள்ளை வேட்டிகளை மடித்து, 8 அடிக்கு 5 அடி வரும்படி சோபாவுக்கு முன்னால் பரப்பி, ஒருநாள் அப்படியே விட்டுப் பார்க்கச் சொன்னேன். 6 அடிக்கு 4 அடியில் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தது. அதையும் பக்கத்தில் போட்டார்கள். 7 அடி சோபாவுக்கு முன்னால் 6 அடி விரிப்பு தனியாகக் கிடந்தது, யாரோ மறந்துவிட்டுப் போன துண்டு போல. 8 அடி, சோபாவின் இரு பக்கமும் அரையடி வெளியே நீண்டு, நாற்காலிகளையும் சேர்த்துப் பிடித்தது. சோபாவின் முன்கால்களும் நாற்காலிகளின் முன்கால்களும் விரிப்பின் மேல் நிற்கும். பின்கால்கள் தரையில். வடக்கு ஓரத்துக்கும் நடைவழிக்கும் நடுவே இரண்டடிக்கு மேல் வெற்றுத் தரை.

முன்கால்கள் மேலே நிற்பதில் இந்த வீட்டுக்கு இன்னொரு லாபம். மழமழவென்ற சிவப்புத் தரையில் ஜமக்காளம் வழுக்கும். சோபா ஒரு நீளப் பக்கத்தையும் நாற்காலிகள் ஓர் அகலப் பக்கத்தையும் அமுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அடியில் ரப்பர் வலை போடலாமா என்று மகன் கேட்டார். பழைய கம்பளத்தின் தடம் இன்னும் தரையில் இருக்கிறது, வேண்டாம் என்றேன்.

நிறத்தில்தான் வீட்டில் நீண்ட பேச்சு. பாட்டியம்மாவுக்குச் சிவப்பும் பச்சையும் கோடு போட்டது வேண்டும். கல்யாணத்துக்கு விரிப்பது அதுதானே. செஞ்சாந்துச் சிவப்பான தரையில் சிவப்பு ஜமக்காளம் போட்டால் தரைக்கும் விரிப்புக்கும் ஓரமே தெரியாது. அவருக்கே கண் புரை. ஓரம் பளிச்சென்று தெரிவது அழகைவிட முக்கியம். கருநீலத்தில் சந்தன நிறக் கோடுகள் போட்டது என்று முடிவானது. ஜமக்காளத்தில் கோடுகள் ஊடு நூலால் வருகிறவை, அகலவாக்கில் ஓடும். 8 அடிப் பக்கத்தைச் சோபாவோடு இணையாக விரித்ததால், கோடுகள் அறையின் நீளத்துக்குக் குறுக்கே விழுந்தன. ரயில் பெட்டி போல நீண்டு தெரிந்த அறையின் நீளம் கண்ணுக்குக் கொஞ்சம் குறைந்தது.

வாங்குமுன் சாயம் பார்த்தோம். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, நீலப் பகுதியில் அழுத்தி இருபது தடவை தேய்த்தால் போதும். முதலில் பார்த்த ஒன்றில் கைக்குட்டை நீலம் பிடித்துவிட்டது. அதைக் கடையிலேயே விட்டோம். இரண்டாவதில் லேசான சாயல்கூட வரவில்லை.

ஒரு திருத்தம் செய்யச் சொன்னேன். ஜமக்காளத்தின் இரு முனையிலும் பாவு நூலை முடிச்சுப் போட்டுக் குஞ்சமாக விட்டிருப்பார்கள். கிழக்கு முனை நாற்காலிக்கு அடியில், பரவாயில்லை. மேற்கு முனை பாட்டியம்மா நடக்கும் குறுக்கு வழிப் பக்கம். அந்தக் குஞ்சத்தை உள்ளே மடித்து, ஊர்த் தையற்காரரிடம் கெட்டித் தையல் இரண்டு போட்டு வாங்கினோம். கால் விரல் மாட்ட அங்கே எதுவும் இல்லை.

பின்பாதி

பழைய முற்றத்துப் பக்கம் வீட்டாருக்கு. டிவியை மேற்குச் சுவருக்கு மாற்றினோம். முன்பு நின்று பார்க்கிற உயரத்தில் இருந்தது. இங்கே தரையில் உட்கார்ந்தும் படுத்தும்தான் பார்ப்பார்கள் என்பதால், திரையின் நடு தரையிலிருந்து மூன்றேகால் அடியில் வரும்படி இறக்கிப் பொருத்தினார் எலக்ட்ரீஷியன். 43 அங்குல டிவிக்கு ஆறடி, ஆறரை அடி தூரம் கண்ணுக்கு இதமானது. அது இங்கே கிடைத்தது. பாட்டியம்மாவின் கைவைத்த மர நாற்காலி அவர் அறை வாசலுக்கு அருகே, ஆனால் வழியில் இல்லாமல்.

தரைக்குக் கோரைப்பாய். முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் விளைகிற கோரை. காலையில் சுருட்டி மூலையில் நிறுத்துவது, சாயங்காலம் விரிப்பது. டைல்ஸ் மூச்சுவிட்டுக்கொள்ளும், பாயும் உலரும். மழைக்காலத்தில் பாயை விரித்தபடியே விட்டால் மூன்றாம் நாள் அடியில் கறுப்பு தட்டும். மடித்தால் கோரை முறியும், சுருட்டத்தான் வேண்டும். பத்தமடைப் பாய் வாங்கலாமா என்றும் ஒரு பேச்சு வந்தது. அவ்வளவு நுணுக்கமான நெசவை ஓதத் தரையில் போட்டுக் கெடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மருமகளுக்கு மட்டும் இதில் முழு நிறைவு இல்லை. விடுமுறைக்கு வந்தபோது, "டிவி பாக்க சாஞ்சு உக்கார ஒண்ணு வேணும்க்கா" என்றார். அவருடைய முதுகுக்கு அது நியாயமான தேவை. உயரமான காலுள்ள, அடியில் துடைப்பம் போகிற மரச் சட்டப் பெஞ்சு ஒன்றைத் தலையணைகளோடு பின்பாதியின் வடக்கு ஓரம், நடைவழியை ஒட்டிப் போடலாம். நடைவழி அங்கே மூன்றேகால் அடியாகக் குறையும். அது இன்னும் பேச்சில் இருக்கிறது.

அடுத்த ஐப்பசி

பொங்கலுக்கு உறவெல்லாம் கூடியபோது பந்தி ஹாலிலேயே நடந்தது. ஜமக்காளத்தைச் சுருட்டி, நாற்காலியையும் முக்காலியையும் திண்ணைக்குத் தூக்கி, சோபாவை மட்டும் சுவரோடு தள்ளியிருக்கிறார்கள். பழைய கம்பளத்தை வெயிலில் போட்டு அடித்து, பூசணம் பிடித்த மேற்கு ஓரத்தை வெட்டி மடித்துத் தைத்து மாடி அறையில் விரித்தார்கள். மாடித் தரைக்குக் கீழிருந்து ஓதம் வராது. மகனுக்கும் சந்தோஷம்.

மறு ஐப்பசியில் நல்ல மழை. வாடை இல்லை என்று தலைமையாசிரியர் போன் செய்தார். போய் ஜமக்காளத்தைப் புரட்டிப் பார்த்தேன், அடியில் உலர்ந்திருந்தது. பின்பாதியில் மறுபடி பாலிதீன் ஒட்டினோம். ஜலதாரையின் வெளிவாயைத் திறந்து, வாய்க்கால் தண்ணீர் உள்ளே வராதபடி கொல்லையில் வடிகாலைத் திருப்பிவிட்டிருந்ததால் நீர்த்துளி பாதியாகக் குறைந்திருந்தது. முழுக்கப் போகவில்லை. போகவும் போகாது, தூர்த்த மண்ணுக்கு மேல் ஈரம் தடுக்கும் அடுக்கு எதுவும் போடாமல்தான் டைல்ஸ் பதித்திருக்கிறார்கள்.

அதைச் சரிசெய்ய டைல்ஸைப் பெயர்த்து, ஜல்லியும் கனமான பாலிதீன் விரிப்பும் போட்டு, மேலே கான்கிரீட் இட்டு மறுபடி பதிக்க வேண்டும். ஈர மண்ணின் மேல் அந்த வேலையைச் செய்தால் பயனில்லை. வழக்கப்படி மேட்டூர் அணை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறக்கும். நடுவில் பங்குனி, சித்திரையில்தான் வாய்க்கால் வற்றி மண் உலர்ந்திருக்கும். கொத்தனாரிடம் சித்திரைக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பெஞ்சு வாங்குவதையும் அதுவரை ஒத்திப்போட்டிருக்கிறோம்.